குடியை விடுவோர் கூட்டமும் பகுத்தறிவும்

(வாசகசாலை ஒன்றின் மாதக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



குடியை விட நினைக்கிறவர்கள் தங்களுக்குள் ஒன்றுகூடி நடத்தி வரும் கூட்டங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி இன்று எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். குடியினால் வரும் கேடுகளைப் பற்றிப் பேசுவதானால் அதற்கு நான் வேண்டியதில்லை. அது குடிக்கிறவனுக்கே நம் எல்லோரையும்விட நன்றாய்த் தெரியும். புட்டியின் மேலேயே கேடு என்று அச்சடித்துத்தான் விற்கிறார்கள். அவனும் அதைப் படித்துவிட்டுத்தான் மூடியைத் திருகுகிறான். உபதேசத்தினால் குடி போகுமானால் இந்த நாட்டிலிருந்து அது எப்போதோ போயிருக்க வேண்டும். ஆகையால் இன்று உபதேசம் ஒன்றும் இல்லை. விட வேண்டுமென்று நினைத்தும் விடமுடியாமல் தவிக்கிறவன் எங்கே போவது, எப்படிப் போவது, போன இடத்தில் என்ன நடக்கும் என்பதுதான் என் பேச்சு.

இந்தப் பேச்சுக்குக் காரணமாய் இருந்தது நம் தோழர் ஒருவர் அனுப்பிய கேள்வி. “அந்தக் கூட்டங்களில் கடவுள் பெயரைச் சொல்லுகிறார்களாமே, நம்மவர்கள் அங்கே போகலாமா?” என்று கேட்டிருக்கிறார். அவர் இதை வாதத்துக்காகக் கேட்கவில்லை. அவருடைய தம்பி நம்மைப் போன்ற கொள்கைக்காரர். வைத்தியர் கூட்டத்துக்குப் போகச் சொன்னால், “கடவுளைக் கூப்பிடுகிற இடத்துக்கு நான் வரமாட்டேன்” என்று சொல்லிவிடுகிறாராம். சொல்லிவிட்டு, சாயங்காலம் நேரே கடைக்குப் போய்விடுகிறாராம்! கொள்கை காப்பாற்றப்பட்டது, ஆள்தான் போய்க்கொண்டிருக்கிறான். எனவே இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வியல்ல. ஒரு உயிரும் ஒரு குடும்பமும் இதில் அடங்கியிருக்கின்றன.

இது தலைவிதியா, ஜாதிக் குணமா, நோயா?

முதலாவது, குடி என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் இதற்கு இரண்டு விளக்கங்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, “அவன் தலையெழுத்து, கிரகம் சரியில்லை” என்பது. மற்றொன்று, “அந்த ஜாதியே அப்படித்தான்” என்பது. முதல் விளக்கம் ஜோசியனுக்கு வருமானம். இரண்டாவது விளக்கம் மேல்ஜாதிக்காரனுக்குத் திருப்தி. சாக்கடையில் இறங்கி வேலை செய்கிறவன் நாற்றம் பொறுக்காமல் குடித்தால் அது கீழ்ஜாதிப் புத்தி. குளிர்ந்த அறையில் கண்ணாடிக் கிளாசில் பெரிய மனிதன் குடித்தால் அது பார்ட்டி! ஆனால் கல்லீரலுக்கு ஜாதி தெரியாது. அறுத்துப் பார்க்கிற வைத்தியருக்கு இரண்டு ஈரலும் ஒன்று போலத்தான் தெரிகின்றன.

மிதமிஞ்சிப் பழகிப்போன குடி ஒரு நோய் என்று அமெரிக்க வைத்திய சங்கம் 1956-ஆம் வருஷத்திலேயே ஒப்புக்கொண்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. நோய் என்றால் அவனுக்குப் பொறுப்பே இல்லை என்று அர்த்தமல்ல. நீரிழிவுக்காரனுக்கு நோய் வந்தது அவன் குற்றமல்ல. மருந்து சாப்பிடுவதும் இனிப்பை விலக்குவதும் அவன் பொறுப்பு. அதுபோலவே இதுவும்.

நோய் என்று தெரியாத காரணத்தால் நம் ஜனங்கள் செய்கிற காரியங்களைப் பாருங்கள்! கோவிலுக்கு இழுத்துப்போய்க் கயிறு கட்டுகிறார்கள். மந்திரித்த தண்ணீர் தெளிக்கிறார்கள். “அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யும் பொடி” என்று விளம்பரம் பார்த்து, மனைவி தன் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கிக் குழம்பில் கலந்துவிடுகிறாள். தோழர்களே! இது வெறும் பணநஷ்டமல்ல, உயிர் நஷ்டமாகவும் முடியலாம். டைசல்ஃபிரம் என்று ஒரு மருந்து இருக்கிறது. அதைச் சாப்பிட்டவன் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழுந்துபோகும், செத்தாலும் சாவான். அம்மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் உடம்பில் இருக்கக்கூடும். நோயாளிக்குச் சொல்லி, அவன் சம்மதித்து, வைத்தியர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டிய மருந்து அது. அதையே திருட்டுத்தனமாய்ச் சோற்றில் கலந்தால் அது வைத்தியமா, விஷம் வைப்பதா? பொடியில் என்ன இருக்கிறதென்று விற்கிறவனும் சொல்லுவதில்லை, வாங்குகிறவளுக்கும் தெரிவதில்லை.

இன்னொன்று, மாலை போடுவது. மாலை போட்டவன் ஒரு மண்டலம் குடிப்பதில்லை, இது கண்கூடு. மாலையைக் கழற்றின அன்று சாயங்காலமே கடையில் நிற்கிறவர்கள் பலர் என்பதும் கண்கூடு. “பார்த்தாயா, சாமியின் சக்தி!” என்கிறார்கள். நான் கேட்கிறேன், அந்தச் சக்தி மாலையைக் கழற்றினவுடன் எங்கே போய்விட்டது? உண்மை என்னவென்றால், அந்த ஒரு மண்டலமும் அவன் தனியாக இல்லை. விடியற்காலையில் அவனோடு நாலு பேர் எழுந்திருக்கிறார்கள். கூடவே குளிக்கிறார்கள், கூடவே சாப்பிடுகிறார்கள். சாயங்காலம் போய் உட்கார ஒரு இடம் இருக்கிறது. பழைய கூட்டாளி யாரும் “வா, ஒரு கட்டிங்” என்று கையைப் பிடித்து இழுப்பதில்லை. நேற்று வரை “குடிகாரப் பயல்” என்று சொன்ன தெரு இன்று அவனை மரியாதையாக அழைக்கிறது. மாலை கழன்றதும் இவ்வளவும் கழன்றுபோகின்றன. ஆகவே வேலை செய்தது மணியல்ல, மனிதர்கள்! இதைப் புரிந்துகொண்டால் நான் சொல்ல வந்ததில் பாதி முடிந்தது. வருஷம் 365 நாளும் அந்த மனிதத் துணை கிடைக்கும்படி செய்வதற்குப் பெயர்தான் இந்தக் கூட்டம்.

முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கூட்டம்

ஆனால் ஒரு எச்சரிக்கை. தினமும் காலையிலிருந்தே குடித்துப் பழகினவன் இன்றே நிறுத்துகிறேன் என்று வீட்டில் படுத்துக்கொள்ளக் கூடாது. நிறுத்திய ஒரு நாளைக்குள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும். சிலருக்கு இரண்டு நாளைக்குள் வலிப்பு வரும். மூன்றாம் நாளை ஒட்டிச் சிலர் பிதற்றுவார்கள். சுவரில் பூச்சி ஊர்கிறது, பாம்பு வருகிறது என்று கத்துவார்கள். இதைத்தான் நம்மவர்கள் “பேய் பிடித்துக்கொண்டது” என்று சொல்லிப் பூசாரியிடம் கொண்டுபோய் வேப்பிலை அடிக்கிறார்கள். அது பேயல்ல, சாராயம் நின்றதனால் மூளை படும் பாடு. கவனிக்காமல் விட்டால் மரணம் நேரலாம். அரசாங்க ஆஸ்பத்திரி மனநலப் பகுதியில் சில நாள் வைத்து, மாத்திரையும் பி1 என்னும் வைட்டமினும் கொடுத்தால் பெரும்பாலோர் தாண்டிவிடுவார்கள். ஆகையால் பூசாரிக்குக் கொடுக்கும் பணத்தில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கட்டிப்போட்டு அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் இடங்களுக்கும் அனுப்பாதீர்கள். ஏர்வாடியில் 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து மாண்டதை மறந்துவிடக் கூடாது. அனுமதி பெற்ற இடமா என்று கேட்பதும், நோயாளியை நினைத்தபோது பார்க்க விடுவார்களா என்று கேட்பதும் உங்கள் உரிமை.

ஆஸ்பத்திரி உடம்பிலிருந்து சாராயத்தை இறக்கிவிடும். ஆனால் வீட்டுக்கு வந்தவன் சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வான்? கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது, இரவு 10 மணிக்குத்தான் சாத்துகிறது. அந்த வேளையில் அவன் போய் உட்கார வேறொரு இடம் வேண்டாமா? அங்கேதான் கூட்டத்தின் அவசியம் ஏற்படுகிறது.

கூட்டம் உண்டான வரலாறு

இக்கூட்டங்களில் உலகமெங்கும் பரவியிருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. என்பது. பெயரை வெளியிடாத குடிநோயாளிகள் என்று அர்த்தம். 1935-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் பில் வில்சன் என்ற பங்கு வியாபாரியும், பாப் ஸ்மித் என்ற சத்திர வைத்தியரும் இதைத் துவக்கினார்கள். இருவரும் மகா குடிகாரர்கள். வியாபார விஷயமாய் அவ்வூருக்கு வந்த வில்சன், காரியம் கெட்டு, மனமுடைந்து, மறுபடியும் குடித்துவிடுவோமோ என்று பயந்தபோது, தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரைத் தேடிப்பிடித்துப் பேசினார். பேசினவரும் தப்பினார், கேட்டவரும் சில வாரத்தில் தப்பினார். ஸ்மித் கடைசியாகக் குடித்தது ஜூன் 10-ந் தேதி. அந்த நாளையே சங்கத்தின் பிறந்த நாளாகக் கொள்ளுகிறார்கள். நம் நாட்டில் இச்சங்கம் 1957 முதல் நடந்து வருகிறது. தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன.

இதன் ஏற்பாட்டைக் கவனித்தால் சில விஷயங்கள் நம் மனதுக்கு மிகவும் உகந்தவையாக இருக்கின்றன. கட்டணம் கிடையாது. இஷ்டமுள்ளவர்கள் பையில் போடுவதைக் கொண்டு அறை வாடகையும் டீச் செலவும் நடக்கின்றன. வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. சேருவதற்கு வேண்டிய யோக்கியதை ஒன்றே ஒன்று: குடியை விட வேண்டுமென்ற ஆசை. குரு இல்லை, புரோகிதன் இல்லை, நிரந்தரத் தலைவன் இல்லை. உங்கள் பெயரை மட்டும் சொல்லலாம், அதுவும் இஷ்டமிருந்தால். என்ன ஜாதி, என்ன மதம், என்ன உத்தியோகம் என்று யாரும் கேட்பதில்லை. 1929-இல் செங்கல்பட்டு மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்க வேண்டுமென்று தீர்மானம் செய்யப்பட்டது. அந்தத் தீர்மானம் இன்றைக்கும் பல கல்யாணப் பத்திரிகைகளில் நுழையமுடியாமல் வெளியே நிற்கிறது. ஆனால் அந்தச் சின்ன அறைக்குள் கொத்தனாரும் வக்கீலும், துப்புரவுத் தொழிலாளியும் டாக்டரும் ஒரே வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே மாதிரிக் கிளாசில் டீ குடிக்கிறார்கள். குடியினால் வந்த சமத்துவம் என்று கேலி செய்யாதீர்கள். குடியை விடுவதனால் வந்த சமத்துவம் அது.

கடவுள் விஷயம்

இனி அந்தத் தோழருடைய கேள்விக்கு வருகிறேன்.

ஏ.ஏ.யில் பன்னிரண்டு படிகள் என்று வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஆறு படிகளில் கடவுளோ, அவரைக் குறிக்கும் சொல்லோ, “நம்மைவிடப் பெரிய சக்தி” என்பதோ வருகிறது. துவக்கியவர்கள் ஆக்ஸ்போர்டு குரூப் என்ற கிறிஸ்தவப் பிரசாரக் கூட்டத்தின் பழக்கத்தில் இருந்தவர்களாதலால் இது வந்தது. பல இடங்களில் கூட்டம் முடியும்போது ஒரு சின்னப் பிரார்த்தனையும் சொல்லுகிறார்கள். இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் மற்றொரு பக்கமும் இருக்கிறது. ஆரம்ப காலத்திலேயே உள்ளே நாஸ்திகர் இருந்தார்கள். ஜிம் பர்வெல் என்ற நாஸ்திகர் ஒருவர் சங்கத்துக்குள் இருந்துகொண்டே கடவுள் பேச்சை எதிர்த்துச் சண்டை போட்டார். 1939-இல் அவர்கள் புத்தகம் வெளியானபோது, வெறும் கடவுள் என்று இருந்த இடத்தில் “நாங்கள் புரிந்துகொண்டபடியான” என்ற வார்த்தைகள் சேர்ந்ததற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம். அவர் சண்டை போட்டார்; வெளியே போய்விடவில்லை. பிறகு 1975-இல் சிக்காகோ நகரில், கடவுள் நம்பிக்கையில்லாதவர்களுக்கென்றே ஏ.ஏ.யின் கிளைக் கூட்டம் ஏற்பட்டது. அதுபோன்ற கூட்டங்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன.

வைதிகர்கள் சும்மா இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. கானடா தேசத்து டொரொன்டோ நகரில் படிகளிலிருந்து கடவுளை நீக்கி வாசித்த இரண்டு கூட்டங்களை 2011-இல் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். ஜாதியைவிட்டு விலக்கிவைப்பது நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல என்பதை இதிலிருந்து அறியலாம். அவர்கள் மனித உரிமை மன்றம் வரை போனார்கள். 2017-இல் மறுபடியும் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தின் தலைமை நீதிமன்றம் 1996-இல் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. கடவுள் நம்பிக்கையில்லாத கைதி ஒருவரை, ஏ.ஏ. முறையில் சேர்ந்தால்தான் குடும்பத்தாரோடு தங்கிப் பார்க்கும் சலுகை கிடைக்கும் என்று சிறை அதிகாரிகள் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது அத்தீர்ப்பு. ஆகவே, தன் இஷ்டப்படி போவது வேறு, சர்க்கார் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது வேறு. முன்னதை நாம் தடுக்க வேண்டியதில்லை. பின்னதை எதிர்க்க வேண்டியதுதான்.

கடவுளே இல்லாத கூட்டங்களும் தனியாக உண்டாகியிருக்கின்றன. 1985-இல் ஜேம்ஸ் கிறிஸ்டபர் என்ற குடியை விட்ட ஒரு பகுத்தறிவுவாதி, மூடநம்பிக்கையில்லாமலே குடியை விடலாம் என்று ஒரு பகுத்தறிவுப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அதைப் படித்தவர்கள் கடிதம் எழுத, அடுத்த வருஷமே கூட்டம் நடக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு பத்திரிகைக் கட்டுரை என்ன செய்யமுடியும் என்று கேட்கிறவர்களுக்கு இது பதில். 1994 முதல் ஸ்மார்ட் ரிக்கவரி என்ற பெயரால் இன்னொரு ஸ்தாபனம் நடக்கிறது. அங்கே கடவுளும் இல்லை, “நான் சக்தியற்றவன்” என்று சொல்லச் சொல்லுவதும் இல்லை. குடிக்க வேண்டுமென்ற எண்ணம் எப்போது வருகிறது, எதனால் வருகிறது, அதை எப்படிக் கடத்துவது என்று ஒவ்வொன்றாய் எழுதிப் பார்த்துப் பழகுகிறார்கள். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இவற்றின் கூட்டங்களில் கைப்போன் வழியாகவே வீட்டிலிருந்து கலந்துகொள்ளலாம்.

நிற்க, இக்கூட்டங்களால் பலன் உண்டா என்பதைப் பார்ப்போம். யாரோ சொன்னார் என்று நாம் நம்பிவிடக் கூடாதல்லவா? 27 ஆராய்ச்சிகளை, அதில் சம்பந்தப்பட்ட பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் கணக்கை ஒன்றுசேர்த்து, காக்ரேன் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்டது. ஏ.ஏ.யிலும் அதில் சேர்த்துவிடும் சிகிச்சை முறைகளிலும் போனவர்களில் ஒரு வருஷம் முழுதும் குடியைத் தொடாதவர்கள் நூற்றுக்கு 42 பேர். வேறு சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 35 பேர். இது பெரிய அற்புதமல்ல. பாதிப்பேருக்கு மேல் தவறிவிடுகிறார்கள் என்பதும் இதிலேயே இருக்கிறது. ஆனால் காசில்லாமல் கிடைக்கும் ஒன்று, காசு கொடுத்துப் பெறும் சிகிச்சைக்குக் குறைவில்லாமல் வேலை செய்கிறது என்பது சாமான்யமான விஷயமா?

எதனால் வேலை செய்கிறது என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். குடிக்கிற சிநேகிதர்கள் குறைந்து குடிக்காத சிநேகிதர்கள் பெருகுவதும், தன்னால் முடியும் என்ற தைரியம் வளருவதுமே முக்கிய காரணங்கள் என்று கண்டிருக்கிறார்கள். நோய் முற்றியவர்கள் சிலருக்குப் பக்தி அதிகப்பட்டதும் ஒரு காரணமாய் இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். நமக்குப் பிடிக்காது என்பதற்காக அதை நாம் விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது. பிடித்ததை மட்டும் சொல்லுவது புராணிகன் வேலை.

ஆகையால் என் அபிப்பிராயம் இது. உங்கள் ஊரில் கடவுளில்லாத கூட்டம் இருந்தால் அங்கே போங்கள். இல்லையானால் இருக்கிற கூட்டத்துக்குப் போங்கள். பிரார்த்தனை சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு இருங்கள். யாரும் அடிக்கமாட்டார்கள். “பெரிய சக்தி” என்று சொன்னால், அறையில் உட்கார்ந்திருக்கும் இருபது பேருடைய அனுபவம் உங்கள் ஒருவருடைய அனுபவத்தைவிடப் பெரிதுதானே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ நாஸ்திகர்கள் அப்படித்தான் செய்து பிழைத்திருக்கிறார்கள். ரயிலில் பக்கத்தில் இருப்பவன் பஜனை பாடுகிறான் என்பதற்காக நாம் ஊர் போய்ச் சேராமல் இறங்கிவிடுகிறோமா? கொள்கை காப்பாற்றப்படுவதற்கும் முதலில் ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

தேடுவதும் போவதும்

கூட்டம் எங்கே நடக்கிறதென்று எப்படித் தெரியும்? ஜில்லா அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பகுதியில் கேளுங்கள். குடிநோய் சிகிச்சை செய்யும் எந்த நல்ல ஆஸ்பத்திரியிலும் அருகில் நடக்கும் கூட்டங்களின் விவரம் இருக்கும். சர்க்காரின் போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற நம்பரும், மனநல உதவிக்கு 14416 என்ற நம்பரும் இருக்கின்றன. இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. பெயரும் சொல்ல வேண்டியதில்லை. ஏ.ஏ. கூட்டங்கள் அநேகமாய்ப் பள்ளிக்கூட அறையிலோ, சர்ச்சைச் சேர்ந்த அறையிலோ நடக்கும். வாடகை குறைவு என்பதுதான் காரணம். மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டியதில்லை.

புறப்படுவதற்கு முன் போன் செய்து நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். இடம் மாறுவது உண்டு. பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவன், திரும்பும் வழியில் கடையைப் பார்ப்பான். திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மூடியது குடியை விட நினைக்கிறவர்களுக்கு மட்டும். முதல் தடவை வீட்டார் ஒருவரோடு திறந்த கூட்டத்துக்குப் போவது நல்லது.

நான் பார்வையாளனாகத் திறந்த கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை உங்களுக்குச் சொல்லமாட்டேன். அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் விதி. அது நியாயமான விதி. நடைமுறையை மட்டும் சொல்லுகிறேன். கூட்டம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் தன் கதையைச் சொல்லுவார்: எப்படிக் குடித்தேன், எப்படி விட்டேன், இன்று எப்படி இருக்கிறேன் என்று. மற்றவர்கள் குறுக்கே பேசமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள். உங்கள் முறை வரும்போது, “இன்று நான் கேட்கத்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டால் போதும், விட்டுவிடுவார்கள். ஆயுள் பூராவும் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்குவதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதுதான் பேச்சு. பழைய ஆள் ஒருவர் புதியவருக்குத் துணையாய் இருந்து, இரவு எந்நேரமும் போனில் கூப்பிடச் சொல்லுவார்.

ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு “எனக்கு ஒத்துவரவில்லை” என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு மாதிரி ஆட்கள். நாலைந்து இடம் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பத்து நிமிஷம் முன்னாலே போய், பத்து நிமிஷம் கழித்தே கிளம்புங்கள். உண்மையான உதவி அந்த டீ நேரத்தில்தான் கிடைக்கிறது. “மாத்திரை சாப்பிடாதே, கூட்டமே போதும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வைத்தியர் வேலையை அங்கத்தினர் செய்யக் கூடாது என்று ஏ.ஏ.யே எழுதி வைத்திருக்கிறது.

யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். கடை வாசலில் கூட்டத்தோடு கூட்டமாய் நிற்கும்போது பார்க்காத ஊரா? அங்கே விழுந்து கிடந்தபோது வராத வெட்கம், எழுந்து நடக்கும்போது ஏன் வரவேண்டும்? அதேபோல் தவறி ஒரு நாள் குடித்துவிட்டால், “என்ன முகத்தோடு போவது” என்று நின்றுவிடுகிறார்கள். அன்றைக்குத்தான் அவசியம் போக வேண்டும். ஜுரம் திரும்பினால் வைத்தியரிடம் போக வெட்கப்படுவார் உண்டா?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

புருஷன் குடித்தால் பழி யார் தலையில் விழுகிறது? “நீ சரியாயிருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்?” என்று மாமியார் முதல் பக்கத்து வீடு வரை கேட்கிறார்கள். சனிக்கிழமை விரதமும் அவளுக்கே, அடியும் அவளுக்கே. தாய்மார்களே! அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணமல்ல. உங்கள் விரதத்தால் அது நிற்கப்போவதுமில்லை. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற சங்கம் 1951 முதல் நடக்கிறது. வில்சனுடைய மனைவி லோயிஸ் அதைத் துவக்கியவர்களில் ஒருவர். அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் உங்கள் மானத்தோடும் உயிரோடும் வாழ்வது எப்படி என்பதே அங்கே பேச்சு. அடி உதை இருந்தால் கூட்டம் போதாது. போலீஸும் சட்டமும் இருக்கின்றன.

பெண்களிலும் குடிநோய்க்காரர் உண்டு. ஆண் குடித்தால் பழக்கம், பெண் குடித்தால் ஒழுக்கக்கேடு என்ற நியாயத்தினால் அவர்கள் ஒளிந்தே சாகிறார்கள். ஜீன் கிர்க்பாட்ரிக் என்ற அம்மையார் 1975-இல் பெண்களுக்கென்று தனிச் சங்கம் ஏற்படுத்தினார். நம் ஊரில் அது இல்லையானால், குறைந்தபட்சம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிற ஒரு தோழியாவது அவளுக்கு இருக்க வேண்டும்.

நம்முடைய கடமை

கடைசியாக ஒன்று. கடவுளில்லாத கூட்டம் நம் ஊரில் இல்லையே என்று குறை சொல்லிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. விட்டவர் இரண்டு பேர், ஒரு அறை, வாரத்தில் ஒரு குறித்த நாள், இவ்வளவுதான் மூலதனம். இந்த வாசகசாலை புதன்கிழமை இரவில் சும்மா பூட்டிக்கிடக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால் போதும்.

ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். 1840-இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஆறு குடிகாரர்கள் ஒரு சாராயக் கடையிலேயே கூடிப்பேசி, வாஷிங்டன் சங்கம் என்று ஒன்றைத் துவக்கினார்கள். சில வருஷத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் சேர்ந்தார்கள். ஆபிரகாம் லிங்கன் 1842-இல் அதன் மேடையில் பேசினார். அப்புறம் அரசியலும் மதச்சண்டையும் பிற கிளர்ச்சிகளும் அதற்குள் புகுந்தன; பத்து வருஷத்துக்குள் சங்கம் கலைந்துபோயிற்று. ஆகையால் நம் அறையில் நடக்கும் கூட்டத்தில் பக்தனும் வந்து உட்காருவான். அவனுக்கு நாம் நாஸ்திகம் போதிக்கக் கூடாது. கட்சிக்கு ஆள் பிடிக்கக் கூடாது. விட்டவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திப் படம் பிடித்துப் பத்திரிகையில் போடக் கூடாது. அப்படிப் போட்ட படம், அவன் ஒரு நாள் தவறினால் அவன் கழுத்துக்கே சுருக்காகிவிடும். குடிக்காத நம்மவர்கள் செய்ய வேண்டியது பெஞ்சுகளைத் துடைத்து, டீ போட்டு வைத்துவிட்டு வெளியே போவதுதான். பிரசாரத்துக்கு நமக்கு மற்ற ஆறு நாட்கள் இருக்கின்றன.

கேள்வி அனுப்பிய தோழருக்குச் சொல்லுகிறேன்: தம்பியிடம் இன்றிரவே பேசுங்கள். கூட்டத்துக்குப் போகும்படி உத்தரவு போடாதீர்கள். “வா, நானும் வருகிறேன், வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்” என்று சொல்லுங்கள்.

நான் சொன்னதில் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். தப்பென்று பட்டதை எடுத்துச் சொல்லுங்கள். சாவி விஷயத்தை மட்டும் இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் தீர்மானித்துவிடும்படி தலைவரைக் கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.